கிளுவை வேலி

காலையில் கிழக்கு வேலி நான்கடி உள்ளே வந்திருந்தது.

ஐயாசாமி மறுபடியும் எட்டு வைத்துப் பார்த்தார். கிணற்று மேட்டிலிருந்து வேலிக்கு நாற்பது எட்டு. இன்று முப்பத்தெட்டுதான் வந்தது. தோண்டிய தடமில்லை, மண் இளகவில்லை, வேலியாக ஊன்றிய கிளுவை மரக் கொம்புகள் பல வருஷம் அங்கேயே நின்றவை மாதிரி துளிர்த்துக்கொண்டு, பிசின் வாசத்தைக் காற்றெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தன.

வெள்ளகோவில் பக்கத்து அந்த இரண்டு ஏக்கர் மேய்ச்சல் காடுதான் அவருடைய மொத்த சொத்தும். தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடியில் பக்கத்துக் காட்டு மில்காரர் திருமூர்த்தி, "வேலி உளுந்து கெடக்குது, நானே நட்டுத் தாரேன்" என்று சொல்லி, சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிப் போனார். வேலி நட்டுத் தருகிறவரை அந்தப் பக்கத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? பாவி மனுஷன் ஐயாசாமி, அந்தக் காகிதத்தை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை.

தாலுகா ஆபீசில் சர்வேயர் வரைபடத்தை விரித்தார். வேலிக்கோடு வீட்டு வாசலை ஒட்டி ஓடியது.

"எங்காடு எங்கீங்க சார்?"

"வேலி எங்க நிக்குதோ அதுதான் எல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துப்போட்டீங்களே."

"நேத்து அங்க நிக்கலீங்க!"

"இன்னைக்கு நிக்குதுங்களா?"

ஐயாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பொழுது சாய வீடு திரும்பினார். வேலி ஆட்டுப்பட்டியைத் தாண்டி வந்திருந்தது. ஆள் அரவம் இல்லை. மண்ணுக்கடியில் மட்டும் ஏதோ நறநறவென்று நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்குமளவு சந்து இருந்தது. அதில் போய் நின்றுகொண்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள் மனைவி வள்ளியாத்தாள்.

"நீ போ புள்ள. என்னத் தாண்டி எப்படி வருதுன்னு பாக்கறேன்."

அவள் உள்ளே போனாள். நறநறப்பு நின்றது.

காலைத் தூக்கினார். வரவில்லை. பாதத்துக்குக் கீழே குளிர்ச்சி. ஈரம். பாதத்திலிருந்து ஏதோ மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. கத்த வாய் திறந்தார். பிசின் வாசம். குரல் இல்லை.

விடிந்ததும் மில் ஆட்கள் கம்பிச் சுருளோடு வந்தார்கள். கொம்பு கொம்பாகக் கட்டிக்கொண்டு வந்தவன் அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கினான்.

"இது நல்லா வேர் புடிச்சிருச்சுங்க" என்றான் திருமூர்த்தியிடம்.

அவர்கள் போன பிறகு வள்ளியாத்தாள் வேலியோரம் ஓடி வந்தாள். ஐயாசாமியின் தோளில் கை ஊன்றி எக்கி, அந்தப் பக்கத்துக் காடெல்லாம் தேடிப் பார்த்தாள்.

"ஏனுங்க..." என்று கூப்பிட்டாள். "எங்கீங்க போனீங்க?"