எண் எழுதாத கிட்டார்

காலையில் அவள் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியவர், அவள் கணவனின் அண்ணன், அதைச் சொன்னார்.

"கிட்டாருக்குச் சொல்லிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடும். சனிக்கிழமை தேர்வுக்கு எங்க வீட்டுப் பொண்ணு ஓட்டைக் கிட்டாரைத் தூக்கிக்கிட்டுப் போகக்கூடாது."

சில்லு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். சின்ன வயதில் வீட்டு ஜன்னலில் பாதியைப் பந்தால் உடைத்ததற்காக வந்த பெயர். இருபது வயதாகியும் அது அவளை விடவில்லை. பெரியவர் சொன்னது, ஒரு பெரிய வாசிப்பாளரின் கையெழுத்தைத் தலையில் பொறித்த எலக்ட்ரிக் கிட்டார். கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு வருடமாகச் சுற்றுவழியில் கல்லூரிக்குப் போகிறவள் அவள். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஓர் இசைக்குழு ஆள் எடுக்கிறது; அதற்குத்தான் சனிக்கிழமை தேர்வு. அந்தக் குழுவின் சத்தம் அந்தக் கிட்டாரில்தான் வரும் என்று அவள் நம்பியிருந்தாள்.

"பெரியப்பா... நிஜமாவா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு. நான் கூப்பிடும்போது நம்ம மேடைக்கு வந்து வாசிக்கணும். அவ்வளவுதான்."

சில்லுவின் அம்மா கையிலிருந்த தட்டு மேசையில் கொஞ்சம் பலமாக உட்கார்ந்தது.

"வேண்டாம் மாமா."

இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா சொல்றே?" என்றாள் சில்லு.

"அந்தக் கிட்டார் வேண்டாம்."

ஓரகத்தி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்கு. பெத்தவளே பொண்ணோட வாயில மண்ணைப் போடறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

அவளுடைய பதில் அந்த அறை முழுவதும் இருந்தது. பெரியவருக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். ஸ்பீக்கர், மைக், ஒயர்ச் சுருள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதுவார். தொழிலுக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் பெயிண்ட் டப்பா கடையோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் 41. மின்விசிறியில் 28. ஏணியில் 16. வாசலில் நிற்கும் வேனின் கதவில் 7.

அந்த வேன் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணவனுக்கு அரசுப் பேருந்தில் ஓட்டுநர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அண்ணன் வேனை வாங்கி வந்து நிறுத்தி, "இது உனக்குத்தான்டா. நான் கூப்பிடும்போது வந்தா போதும்" என்றார். கணவன் அந்த வேலைக்குப் போகவில்லை. பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் கூப்பிடாத நாள் ஒன்று இன்னும் வரவில்லை.

அந்தக் காலைக்குப் பிறகு சில்லு அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கோபித்துக் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவள் போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், மாடிக்குப் போனாள். அந்த ஒழுங்குதான் அம்மாவுக்கு வலித்தது. மூன்றாம் நாள் மகளைப் படிக்கட்டில் வழிமறித்தாள்.

"ஒரு வார்த்தை பேசுடி."

"என்ன பேச? உனக்கு இந்த வீட்டுல யார் மேலயோ கோவம். அதுக்கு என்னைத்தான் பலி குடுக்கணுமா?"

அன்று மதியம் அவள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

விற்பனையாளன் அவளுடைய வார்னிஷ் படிந்த விரல்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. கையெழுத்துக் கிட்டாரை வெளியிலிருந்தே காட்டினான்.

"இதுல என்ன இருக்குன்னு இந்த விலை?" என்றாள்.

"உண்மையைச் சொல்லட்டுமாம்மா? பாதி விலை அந்தக் கையெழுத்துக்கு."

"கையெழுத்து வாசிக்குமா?"

அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு கொஞ்சம் மனிதனாகப் பேசினான். மரம் நல்ல மரம், பூச்சு நல்ல பூச்சு. ஆனால் சத்தம் பிறக்கிற இடம், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் என்றான். யாரோ திருப்பிக் கொடுத்த, பெயர் இல்லாத ஒரு பழைய கிட்டாரை உள்ளேயிருந்து எடுத்து வந்து, தந்திகளுக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினான்.

ஆறு சின்னக் காந்தங்கள். அவற்றைச் சுற்றி முடியை விட மெல்லிய செப்புக் கம்பி, சுற்று மேல் சுற்றாக.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது காயில்தானே."

"ஆமாம்மா."

"காயில்தானா..."

பன்னிரண்டு வருடமாக அவள் செய்வது அந்த வேலைதான். கருகிப்போன மோட்டார்களைப் பிரித்துப் புதிதாகக் காயில் கட்டும் கடை. பெரியவர் வீட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று அவள் தானாகத் தேடிக்கொண்ட வேலை. அவள் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததில்லை என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார், அவளிடம் சொன்னதில்லை.

பெயரில்லாத அந்தக் கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மோட்டார் தண்டைப் பார்ப்பதுபோல் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். நேராக இருந்தது.

"இதைக் குடுங்க."

புது மூக்குக் கண்ணாடி போட வைத்திருந்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று.

வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்தாள். பழைய கம்பியை அவிழ்த்தாள். ரிலே சுவிட்சுகளுக்கான மெல்லிய காயில் சுற்றும் சின்ன இயந்திரத்தில் காந்தங்களைப் பொருத்தினாள். கம்பி அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, கட்டைவிரலுக்குத் தெரிந்தது. இழுவை கூடினால் அறுந்துவிடும். நான்கு முறை அறுந்தது. ஐந்தாம் முறை எட்டாயிரம் சுற்று முடிந்தது. ஒரு சுற்றுகூட விலகாமல், அச்சடித்ததுபோல் அத்தனை அழகாக இருந்தது.

வியாழக்கிழமை காலை கிட்டாரை மகளுடைய கட்டிலில் வைத்துவிட்டு அறை வாசலில் நின்றாள்.

சில்லு அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரில் செருகி மூன்று தந்திகளைத் தட்டினாள்.

"கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கும்மா." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "விடு. நீ என்ன பண்ணுவே பாவம்..."

அந்தப் 'பாவம்' அவளைச் சுட்டது. பதினெட்டு வருடமாக மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சொல்வது அது. மகள் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

"பாவம்னு சொல்லாதே" என்றாள். "தூக்கிக்கிட்டு வா. என் கடைக்கு."

சில்லு அந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. அவள் தயங்கிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அதென்ன, தண்ணி இறைக்குமா?"

"பாட்டு இறைக்கும்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

மூடியைக் கழற்றிச் சுருளை மகளிடம் காட்டினாள். சில்லு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இதை நீயா சுத்தினே? ஃபாக்டரியில செஞ்ச மாதிரி இருக்கேம்மா."

"தப்பு அதுலதான் இருக்கும்னு நினைக்கிறேன்."

மோட்டாரில் கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்க வேண்டும். இடம் விட்டால் அதிரும், அதிர்ந்தால் உராய்ந்து கருகும். அதனால் நெருக்கிக் கட்டியே பழகியவள் அவள். ஆனால் இது சுழல்கிற பொருள் இல்லை. ஒட்டிப் படுத்த கம்பிகள் சத்தத்தின் கூர்மையைத் தங்களுக்குள்ளேயே விழுங்கிக்கொள்கின்றன. கைக்குப் பழகிய நேர்த்தியே குரல்வளையை நெரித்திருக்கிறது.

முழுச் சுருளையும் அவிழ்த்தாள். மறுபடி சுற்றும்போது கம்பியை மேலும் கீழும் அலைய விட்டாள், குறுக்கும் நெடுக்குமாக. சுற்றையும் குறைத்தாள். விரல் தானாக ஒழுங்குக்குத் திரும்பப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கலைத்தாள். முதலாளி பார்த்துவிட்டு, "என் கடை மானமே போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

"கண்ணைச் சுருக்கிக்கிட்டே இருக்கியே. புதுக் கண்ணாடி வாங்கப் போறேன்னு சொன்னியே, எங்கே?" என்றாள் சில்லு.

அவள் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை. சில்லுவின் பார்வை அம்மாவுடைய கண்ணாடியின் உடைந்த காதுப்பிடியில் கட்டியிருந்த நூலுக்குப் போயிற்று. அங்கிருந்து கிட்டாருக்கு வந்தது.

"ஏன்மா முதல்லயே சொல்லல? பெரியப்பாவோடது ஏன் வேண்டாம்னு..."

"சொன்னா உங்கப்பாவைக் குறை சொல்ற மாதிரி ஆயிடும்." கம்பி ஓடிக்கொண்டே இருந்தது. "வேன் கதவுல இருக்கிற நம்பரைப் பார்த்திருக்கேல்ல?"

"ம்."

"அது வேனோட நம்பர்னு நினைச்சியா?"

இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சில்லு முக்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அம்மாவின் தோளில் நெற்றியை வைத்தாள். தோள் நனைந்தது. அவள் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கம்பி அறுந்துவிடும்.

"மன்னிச்சுடும்மா..."

"ஆடாதே. ஆயிரத்து எழுநூறு சுத்துப் பாக்கி இருக்கு."

வெள்ளிக்கிழமை சொன்னபடி பெட்டி வந்தது. பெரியவர் அதை முன்னறையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சில்லுவை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

சனிக்கிழமை காலை. மேசையில் தட்டுகள். மேலே மாடியில் கிட்டார் தொடங்கியது. தெளிவாக, கண்ணாடியில் வெயில் பட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒரே ஒரு சுரம், நீண்டு, அழுகைக்குச் சற்று முன்னால் நின்றது.

பெரியவர் டீயைக் கீழே வைத்தார்.

"கேக்குதா? இதுதான் அந்தக் கையெழுத்துக் கிட்டார். முப்பது வருஷமா ஸ்பீக்கருக்கு நடுவுல கிடக்கிற காது இது. கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிடுவேன்." அவள் பக்கம் திரும்பினார். "இந்தச் சத்தத்தையா நீ வேண்டாம்னு சொன்னே?"

அவள் அவருடைய தட்டை நேராக வைத்தாள்.

முன்னறையிலிருந்து ஓரகத்தி வந்து நின்றாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏங்க... பெட்டி இங்கதானே இருக்கு. ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கலையே."

மேலே சத்தம் நிற்கவில்லை. கீழே எல்லாம் நின்றது. பெரியவர் கூரையைப் பார்த்தார், முன்னறையைப் பார்த்தார், கடைசியில் தம்பி மனைவியின் வார்னிஷ் படிந்த விரல்களைப் பார்த்தார்.

"அது... யார் வேலை?"

"என் வேலை மாமா. பழைய கிட்டார். காயில் மட்டும் நான் கட்டினது." அவள் குரல் உயரவில்லை. "அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க. நம்பர் எழுதறதுக்கு முன்னாடி அனுப்பினா எடுத்துப்பாங்க."

சில்லு கிட்டார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். பெரியவர் அவளைப் பார்த்தார். கேட்கும்போது அவர் குரலே சிறுத்துப்போயிருந்தது.

"அப்ப... நான் கூப்பிட்டா வரமாட்டியா?"

"கூப்பிடுங்க பெரியப்பா. வர முடிஞ்சா வரேன்."

கணவன் எழுந்தான். வழக்கம்போல் வேன் சாவியை எடுத்தான். அதைக் கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு அண்ணனுடைய தட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான்.

"பஸ்ல போயிடலாம்" என்றான் மனைவியிடம். "நானும் வரேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் அவள் கேட்காமலே காத்திருந்த வாக்கியம் அது. அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை; தேர்வு பத்து மணிக்கு.

தட்டுகளை எடுக்கக் குனிந்தவளின் கையை ஓரகத்தி பிடித்துக்கொண்டாள்.

"வை. நான் எடுத்துக்கறேன். நீ போ."

அவள் கையை விலக்கிக்கொண்டு, நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்து, மகளுக்குப் பின்னால் நடந்தாள். வாசலில் வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மூவரும் அதைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.