சொல்தா கொண்டுவந்த குழந்தை

நடிகை ஏஸ்தெல் மூலக்குளத்துத் துப்பறியும் ஆபீசுக்குள் நுழைந்ததும் உதவியாளன் கோபிநாத் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பு ஏதாவது தொடர்பு உண்டா என்று கல்யாண விசாரணைக்கு வருகிறவர்களையே பார்த்துச் சலித்த கண்கள் அவனுக்கு. சினிமாவில் பார்த்த முகம் நேரில் வந்தால் சும்மாவா? ஆனால் அந்த முகம் அழுது வீங்கியிருந்ததைப் பார்த்ததும் பாவம், அவன் உற்சாகம் வடிந்துபோயிற்று.

பாக்யலட்சுமி மட்டும் அசையவில்லை. இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று அந்த ஆபீசை நடத்துகிறவர். தலையே போகிற அவசரம் என்றாலும் அவர் குரல் உயராது.

"உக்காரும்மா. என்னா விஷயம்?"

"அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டர் கைய விரிச்சிட்டார். தன்னைப் பெத்தவ யாரு, அவள ஏன் தாத்தா விட்டுட்டு வந்தாரு, இது தெரியாம கண்ண மூட மாட்டேங்கறாங்க."

கதையை அவள் விட்டு விட்டுத்தான் சொன்னாள். தாய் பெயர் கிளோதின். தாயின் தகப்பனார் க்சாவியே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, பிரான்சில் ஒரு படை மருத்துவமனையில் சமைத்தவர். யுத்தம் முடிந்து கப்பலில் திரும்பியபோது அவர் கையில் ஒரு வெளுத்த குழந்தை இருந்தது. "என் மகள்" என்றார். சாகிறவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுச்சேரியில் பட்டாளத்துக்காரனுக்குச் சொல்தா என்று பெயர். கடல் தாண்டிப் போன சொல்தா கைக்குழந்தையோடு வந்து இறங்கினால் ஊர் கேள்வி கேட்காது. பதிலைத் தானே வைத்திருக்கும். அவர் மனைவி ரஞ்சிதமும் கேட்கவில்லை. குழந்தையை வளர்த்தாள். புருஷனோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு பொம்பளைங்க வாழ்க்கைய கெடுத்தவருன்னு அம்மாவுக்கு அவர் மேல அவ்வளவு வெறுப்பு. பப்பான்னு வாய் தவறிக்கூட சொன்னதில்ல" என்றாள் ஏஸ்தெல்.

கனடாவில் படப்பிடிப்புக்குப் போனபோது அவள் எச்சில் கொடுத்து வம்சப் பரிசோதனை செய்திருந்தாள். முடிவில் பாதி தென்னிந்தியா, மீதியில் பெரும்பகுதி ஐரோப்பா, கொஞ்சம் ஓஜிப்வே என்று வந்திருந்தது. ஓஜிப்வே என்பவர்கள் அங்கே பெரிய ஏரிக்கரைகளில் வாழும் பூர்வகுடிகள் என்றாள்.

"லேப்ல மாத்திட்டாங்க மேடம்!" கோபிநாத் துள்ளினான். "அந்த ரத்தம் இந்த ஊருக்கு எப்பிடி வரும்?"

பாக்யலட்சுமி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "உங்கப்பா யாரும்மா?"

"விமல்ராஜ். கடலூர்க்காரர். ரெண்டு பக்கமும் தமிழ்க் குடும்பம்தான்."

பிறகு ஏஸ்தெல் பையிலிருந்து ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பை எடுத்து வைத்தாள். கப்பலிலிருந்து இறங்கியபோது கிளோதின் காலில் இருந்தவை. மான்தோலில் மணி மணியாகப் பூக்கள் கோத்திருந்தன. கோபிநாத் திருப்பிப் பார்த்தான். இரண்டு அடியிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. ஓரத்தை மடித்து நூலால் தைத்திருந்தது.

"எலி கடிச்சதுன்னு வீட்டுல சொல்வாங்க."

பாக்யலட்சுமி விரலால் அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்தப் பரிசோதனையில சொந்தக்காரங்கன்னு யாரையாவது காட்டுச்சா?"

"கனடாவுல ஒருத்தர காட்டுச்சு. ஏதோ தப்புன்னு விட்டுட்டேன்."

"அவருக்கு இந்தச் செருப்புப் படத்த அனுப்பு. இது என்னான்னு மட்டும் கேளு. நீயா எதையும் சொல்லிடாத."

பதில் வந்ததும் மூவரும் கோரிமேட்டுக்குப் போனார்கள். வெளியூர் பஸ்களில் வந்து இறங்கிய நோயாளிகளை விலக்கிக்கொண்டு வார்டுக்குள் போக வேண்டியிருந்தது. கிளோதின் எண்பதை நெருங்கியவர். கட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை. கண்கள் மட்டும் விழித்திருந்தன. பாக்யலட்சுமி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க பொண்ணுக்கு அவங்கப்பா வழியாவே பாதி தமிழ் வந்துடுது. க்சாவியே உங்களப் பெத்தவரா இருந்தா உங்க வழியாவும் கொஞ்சம் வந்து முக்கால் ஆயிருக்கணும். பாதிக்கு மேல ஒரு பொட்டு இல்ல."

"அப்ப?"

"அவரு உங்களப் பெத்தவரில்ல."

கோபிநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே ஒரு பொய்யைத் தானாகக் கட்டி, தானாக நம்பியிருக்கிறது!

பாக்யலட்சுமி செருப்பைக் கட்டிலில் வைத்தார். "எலி கடிச்சா ஓரம் தச்சுட்டாம்மா போவும்? வேணும்னே வெட்டுனது. எங்க அண்ணனுக்கு முன்னாடி ரெண்டு புள்ள தவறிப்போச்சு. அவன் பொறந்ததும் எங்கம்மா பக்கத்து வீட்டுல தவிட்டுக்கு வித்துட்டு, பிச்சைன்னு பேரும் வச்சா. இது நமக்குத் தேவையில்லாத புள்ளைன்னு எமன ஏமாத்தறதுக்கு. இந்த ஓட்டையும் அப்பிடி ஒண்ணாத்தான் இருக்கும்னு தோணுச்சு. பரிசோதனையில சொந்தம்னு காட்டுன கனடாக்காரர கேக்கச் சொன்னேன். அதேதான், அவங்க வீட்டுல இந்தச் செருப்புக் கதைய இன்னும் சொல்றாங்களாம். சாவு வந்து கூப்பிட்டா, என் செருப்பு ஓட்டை, அவ்ளோ தூரம் நடக்க முடியாதுன்னு கொழந்த சொல்லிடுமாம்."

"யாரு தச்சது?" கிளோதின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உங்கப்பாவப் பெத்தவ. ஓஜிப்வேக்காரி. அவ புருஷன் வெள்ளக்காரர். மகன் கனடாப் பட்டாளத்துல பிரான்சுக்கு வந்தான். ஆஸ்பத்திரியில துணி தோய்க்கற பொண்ணக் கட்டிக்கப்போறேன், கொழந்த வரப்போவுதுன்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான். பெத்தவ இத தச்சு அனுப்பினா. கொஞ்ச நாள்ல அவன் சண்டையில செத்துட்டான். அந்தப் பொண்ணு துணி தோய்ச்சது க்சாவியே சமைச்ச அதே ஆஸ்பத்திரி. உங்கம்மாவும் செத்திருக்கணும். இது என் யூகந்தான். உசுரோட இருந்திருந்தா உங்கள விட்டிருக்க மாட்டா."

"அவரு ஏன் சொல்லல?"

"சொந்தப் புள்ளன்னு சொன்னாத்தான் கப்பல்ல ஏத்த முடியும். சொல்லிட்டாரு. அப்புறம் நெசத்த சொன்னா உங்களப் புடுங்கிக்கினு போயிடுவாங்கன்னு பயந்திருப்பாரு. கெட்டவன்னு பேரு வாங்கினா கொழந்த தங்கும். வாங்கிக்கினாரு."

"என்ன வளத்த மம்மாகிட்டயாவது..."

"கோவத்துல ஒருநாள் அவங்க வாய் விட்டுட்டா?"

ஏஸ்தெல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்றுதான் அவள் நம்பி வந்திருந்தாள். கோபிநாத்தும் அப்படித்தான் நினைத்தான். கிளோதின் முகத்தில் நிம்மதி இல்லை. உதடு கோணியது. வறண்ட கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"நெறைய வருஷம் ஆவுது. கல்லறைத் தோட்டத்துலருந்து அவரு குழியப் பத்திக் கேட்டு வந்தாங்க. பழைய குழி, யாரும் வர்றதில்ல, வேற ஒருத்தருக்குக் குடுத்துடவான்னு. தாராளமா குடுங்கன்னேன். எலும்ப என்னா பண்றதுன்னு கேட்டாங்க. என்னான்னா பண்ணுங்கன்னு கதவ சாத்திட்டேன்."

 கிளோதின் பாக்யலட்சுமியின் முந்தானையை எட்டிப் பிடித்தார்.

"எல்லாத்தையும் கண்டுபுடிச்சியேம்மா. பப்பா எங்க இருக்காருன்னு கண்டுபுடிச்சுக் குடு. நான் போயி கால்ல விழணும்."