பதில் ஹாரன்

அவர்கள் ஹாரன் அடிக்கவே இல்லை. ஆனால் பதில் ஹாரன் வந்தது.

ஒரே ஒரு வண்டி போகும் அளவுக்கான ஜல்லி ரோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, எதிரிலிருந்து பதில் வந்தால் ஒதுங்கி நிற்பது மலை ஓட்டுநர்களின் வழக்கம். இன்று அவள்தான் கணவனை ஹாரன் அடிக்க வேண்டாம் என்று தடுத்திருந்தாள். இரவெல்லாம் காய்ச்சலில் அனலாகக் கொதித்த மகள் குட்டி இப்போதுதான் மடியில் கண்ணயர்ந்திருந்தாள். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"எதிரொலியா இருக்கும், விடு," என்றான் வண்டியை ஓட்டிய கணவன். அவன் மெக்கானிக்.

"எதிரொலி கேக்கணும்னா நாம முதல்ல அடிக்கணுமே, மெக்கானிக் சார்!"

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பட்டப்பகலிலேயே பனி கண்ணாடியில் அப்பிக்கொள்ள, டயருக்கடியில் ஜல்லி நறநறவென்று அரைபட, ஈர மண் வாசத்தோடு இறைச்சிக்கடை வாடையும் எங்கிருந்தோ கலந்து வர, அடுத்த வளைவிலும் அதே ஹாரன், இன்னும் கிட்டத்தில், கரகரத்து நீண்டு ஒலித்தது. வண்டி எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வளைவில் பாறைக்கு அந்தப் பக்கமே கேட்டது.

அவன் வண்டியை நிறுத்தினான். "எவனோ விளையாட்டு காட்டுறான். இரு, ரெண்டு போட்டுட்டு வரேன்."

"வேணாங்க. வண்டிய எடுங்க, போயிடலாம்."

ஸ்பேனரோடு இறங்கினான். பனி அவனை மூடியது. ஜல்லியில் செருப்புச் சத்தம். நின்றது. ஹாரன். எலும்பு முறியும் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

பானெட்டின் மேல் அவன் வந்து விழுந்தான். தாடை பிய்ந்து தொங்கியது. கை மட்டும் கண்ணாடியைத் தட்டியது. பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி சரேலென்று பின்னால் போனான். கண்ணாடி முழுக்க ரத்தம்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிள்ளையோடு ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்தாள். வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் முறை தவறியதற்குத்தான் இதெல்லாம் என்று பட்டது. ஹாரனை அழுத்தினாள். அழுதுகொண்டே, விடாமல் அழுத்தினாள்.

கையை எடுத்தாள். மலை அடங்கியிருந்தது. தொலைந்தது சனியன், பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்தாள்.

மடியிலிருந்து பதில் வந்தது.

குட்டியின் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. கடைவாய் கிழிந்தது. உள்ளே நாக்கு இல்லை. ரத்தத்தில் நனைந்த ஜல்லி. ஹாரன் நிற்கவில்லை.