மைனஸ் அறுபத்தொன்று

மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது இருந்ததைவிட அந்தக் கோப்பு பெரிதாகியிருந்தது.

பதினோரு வருடப் பழைய கோப்பு. எழுத முடியாதபடி பூட்டிய கணினி வட்டில் கிடப்பது. அது வளர்வதாவது! காலையில் அளவைத் தப்பாகக் குறித்துவிட்டோமோ என்ற சந்தேகம் அவனுக்கு வரவே இல்லை. தப்பு என்பது மற்றவர்கள் செய்வது. வானிலைக் காப்பகத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் ‘சூரப்புலி’ என்று கூப்பிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும். கிண்டல் என்பதுதான் தெரியாது.

செயற்கைக்கோள்கள் அனுப்பிய நாலாயிரம் கோப்புகள். பெயர் உண்டு, இன்ன வகை என்ற குறிப்பு கிடையாது. ஒவ்வொன்றின் முதல் நாலைந்து பைட்டைப் பார்த்தே ஜாதகம் சொல்லி, உள்ளே இருக்கும் மேகப் படத்தை வெளியே எடுப்பது அவன் வேலை. எல்லாம் முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. எந்த வகையிலும் சேராத கோப்பு. அதோடு ஒரு துண்டுச் சீட்டு, அவனுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த ‘பூதக்கண்ணாடி’யின் கோழிக் கிறுக்கலில்: ‘பைட் வரிசையை மாற்றிப் பார்க்காதே. இரைச்சலாகவே இருக்கட்டும்.’

“தெரியாதவன் எழுதி வச்ச சாக்கு,” என்றான்.

எதிர் மேஜையில் பையை மூடிக்கொண்டிருந்த காப்பக உதவியாளர் நிமிர்ந்தாள். “அதை மட்டும் விட்டுடுங்க சார். அவர் அதைத் திறந்த வாரந்தான் அவர் வீட்டுக்காரம்மா போனாங்க.”

“ஃபைலைத் திறந்தா பொண்டாட்டி சாவாளா? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் நல்லாத்தாம்மா முடிச்சுப் போடறீங்க. நீங்கல்லாம் எப்படித்தான் இங்க பரீட்சை பாஸ் பண்ணீங்களோ!”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அரை நாள் விடுமுறை, கட்டடமே காலி. வெளியே மழை இருட்டு. குளிரூட்டியின் ஒரே சீரான முனகல், பழைய கம்பளத்தின் ஈர வாடை, ஜன்னல் கண்ணாடியில் நகம் கீறுவதுபோல் ஏதோ ஒரு கிளை.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, பாப்பாவுக்கு ஜுரம் ஏறிக்கிட்டே போகுது. மருந்து வாங்கிட்டு சீக்கிரம் வாங்க.”

“அரை மணி நேரம். ஒரே ஒரு ஃபைல்.”

“உங்களுக்கு எப்பவும் ஒரே ஒரு ஃபைல்தான்.”

வைத்துவிட்டாள். கோப்பு மறுபடி வளர்ந்தது. 2064 பைட். அடுத்த நிமிடம் இன்னொரு 2064. அவன் சிரித்தான். முட்டாள் கோப்பு, தானாகவே ரகசியத்தைக் கக்குகிறது! பதினாறு பைட் தலைப்பு போனால் 2048. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1024 எண்கள். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு. நிமிடத்துக்கு ஒரு குட்டிப் படம். பூதக்கண்ணாடிக்கு இது பிடிபடவில்லையாக்கும்!

படமாக்கினான். வெறும் இரைச்சல், மணலை வாரி இறைத்ததுபோல. இரண்டு பைட்டில் எது முன்னால் என்பதுதான் சிக்கல், பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். வரிசையை மாற்றினான்.

மணல் அடங்கியது.

மேகம் இல்லை. சதுரச் சுவர்கள். ஒரு கட்டில். கட்டிலில் சின்னதாய்க் கறுப்பு உருவம். மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், இன்னொரு கறுப்பு. கட்டிலை ஒட்டிக் குனிந்தபடி, உயரமாய், பளிச்சென்று வெள்ளையாய் ஒன்று. தலைப்பில் இன்றைய தேதி. இப்போதைய மணி. அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் போட்டான்.

அவன் தெரு. அவன் வீடு.

எவனோ விளையாடுகிறான். நாலு கிலோமீட்டரை ஒரு புள்ளியாக்கும் செயற்கைக்கோள் எந்தக் கூரைக்குள் எட்டிப் பார்க்கும்? இருந்தாலும் பார்த்தான். வெப்பப் படம். வெள்ளையாக இருப்பதுதான் சூடு, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் மனைவியாக இருக்கும் என்று நினைத்தான். நினைத்த மறுகணமே கன்னம் சுட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் இதற்காகத்தான் அவன் காறித் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறான். மேகப் படத்தில் வெள்ளை என்றால் சூடு இல்லை.

குளிர்.

எண்களை வெப்பமாக மாற்றும் அட்டவணையைப் போட்டான். அடுப்போரத்துக் கறுப்பு: 36. கட்டிலில் சின்னது: 39.4. வெள்ளை: மைனஸ் 61. இடிமேகத்தின் உச்சியில் மட்டுமே இருக்கிற குளிர்.

விரல்கள் போனைத் தேடின.

“மருந்து வாங்கியாச்சா?”

“நீ எங்க இருக்கே?”

“அடுப்படியில. வெந்நீர் வைக்கிறேன்.”

“பாப்பாகிட்ட யாரு?”

“யாருமில்ல. படுத்திருக்கா. ஜுரத்துல ஏதோ உளர்றா. அப்பா நெத்தியில கை வச்சாரு, ஜில்லுன்னு நல்லா இருக்குங்கறா.”

அடுத்த படம். வெள்ளையிலிருந்து ஒரு கீற்று நீண்டு, சின்ன உருவத்தின் தலையைத் தொட்டிருந்தது. 31.

“அவளைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு.”

“மழையிலயா? என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“ஓடுடீ!”

நிரலை நிறுத்தினான். நிற்கவில்லை. பைட் வரிசையைப் பழையபடி திருப்பினான். படம் மாறவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினான். திரை மட்டும் எரிந்தது.

17.

அடுப்போரக் கறுப்பு நகர்ந்தது. கட்டிலை நோக்கி. போனில் அவள் செருப்புச் சத்தம்.

4.

“அட!” அவள் குரலில் நிம்மதி. சிரித்தேவிட்டாள். “ஜுரம் விட்டுடுச்சுங்க. உடம்பு நல்லா ஜில்லுன்னு ஆயிடுச்சு. அசந்து தூங்குறா.”



திரையில் கறுப்பு ஒன்றுதான் பாக்கி. கட்டிலில் சின்னதாய் ஒரு வெள்ளை. கட்டிலை ஒட்டி இருந்த உயரமான வெள்ளை அங்கே இல்லை. கறுப்புக்குப் பின்னால் இருந்தது.

“ஐயோ, பயந்தே போயிட்டேன்,” என்றாள் மனைவி, போனுக்கு அல்ல. “எப்ப வந்தீங்க? கை ஏன் இவ்வளவு...”

கோப்பு 2064 பைட் வளர்ந்தது.