காரைக் காணோம், கவிதை இருக்கிறது

காலை ஏழு மணி. பல் டாக்டரின் காரைக் காணோம். ஷெட்டில் எண்ணெய்க் கறையும், அதன்மேல் கல் வைத்த ஒரு காகிதமும்தான் மிச்சம். சாவி வீட்டுக்குள் ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. கிளம்பினால் தெருவையே எழுப்பிவிடும் வண்டி. இன்று ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லை.

காகிதத்தில் கம்ப்யூட்டரில் அடித்த கவிதை:

முதுகு மட்டுமே காட்டும் பேரழகியே, உன் புகையில்தான் விடிகிறது என் காலை.
உனக்குத் தோள் கொடுத்தேன்.
உறுமினாய்.
போனாய்.

"பேரழகியாம்! தினமும் தடவித் தடவித் துடைப்பவன் வேறு யார்?" என்று டாக்டர் டிரைவரை அந்த இடத்திலேயே வேலையை விட்டு நீக்கினார். பதினேழு வருட வேலை.

புகாரை விசாரிக்க வந்தவர் பெண் இன்ஸ்பெக்டர். அவர் கவிதைகளைத் திருப்பி அனுப்பாத பத்திரிகை கிடையாது. அதனால் பிறர் கவிதையை விடமாட்டார். டாக்டர், டிரைவர், டாக்டரின் மாப்பிள்ளை மூன்று பேரையும் நிற்கவைத்து, கார் என்றதும் முதலில் ஞாபகம் வருவதைச் சொல்லச் சொன்னார்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கும் என்றார் டிரைவர். பின்சீட்டு மெத்தென்று இருக்கும் என்றார் டாக்டர். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டே, டிக்கியில் ஒரு நசுங்கல் இருக்கிறது என்றார்.

"கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளை சார், வண்டி எங்கே?"

டாக்டர் வாயைப் பிளந்தார்.

"டிரைவர் எழுதியிருந்தா உள்ளே இருக்கிற கண்ணாடி, பிரேக் ஏதாவது வந்திருக்கும். இதுல முதுகும் புகையும் தோளும்தான். வடிவத்தையும் பாருங்க. முதல் வரி நகரவே மாட்டேங்குது, அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு ஒரே வார்த்தையில ஓடிடுது. இது தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி, எழுதினவர் தள்ளுறவர். இன்னைக்கு சாவியே இல்லாம தள்ளியிருக்கார், அதான் சத்தமில்லை."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. கார் சரிவுக்குக் கீழே நிற்கிறதாம்.

"மூணு வருஷமா தள்ளுறேன் மாமா. ஒரு நாளாவது என்னை ஏத்திக்கிட்டீங்களா?"

"உங்களை ஏத்த நிறுத்தினா என்ஜின் அணைஞ்சிடுமே மாப்பிள்ளை," என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது. டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

"நாளைக்கு வந்துடுப்பா. மாப்பிள்ளை பின்சீட்டுல உட்காரட்டும்."

"சரி சார். தள்ளுறது யாரு?"

டாக்டர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.