காற்று நின்ற இடம்

விமானத்திலிருந்து குதித்து, வானத்தில் வட்டமாகச் சேர்ந்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்தபடி நால்வரும் பூமியை நோக்கிக் குப்புற விழுந்துகொண்டிருந்தபோது, சுகப்பிரியாவுக்கு மட்டும் காற்று நின்றுபோனது.

விழுகிறவருக்குக் காற்று கீழேயிருந்துதான் வரும். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, கன்னத்துச் சதையைக் கண்ணை நோக்கித் தள்ளிக்கொண்டு, போட்டிருக்கும் உடையைப் படபடவென்று அடித்துக்கொண்டு வரும். அந்தக் காற்றின் மேல்தான் படுத்திருப்பதே. அன்றைக்கு அவள் வயிற்றுக்கு அடியில் அது சட்டென்று அறுந்தது. இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. இல்லாத படியில் கால் வைத்தவளைப்போல உடம்பு தாழ, இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகள் இழுபட்டன. கீழே பார்த்தாள். பிள்ளைப்பாக்கம் ஏரியும் ஓரகடம் சாலையும் தொழிற்சாலைகளின் நீலக் கூரைகளும் மாலை வெயிலில் சின்னதாகக் கிடந்தன. நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் மூக்கில் சேற்று வாசனை அடித்தது. அந்த உயரத்தில் காற்றுக்கு எந்த வாசனையும் கிடையாது.

பிறகு காற்று திரும்பி வந்தது.

“எனக்கு அடியில யாரு வந்தது?” தரையில் கால் வைத்ததுமே வேல்ராஜைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன் எடது கையப் பிடிச்சிருந்தது யாரு? நாந்தான,” என்றான் அவன். “பெறவு எப்பிடி அடியில வருவேன்?”

வேல்ராஜும் அவளைப்போலவே தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவன். இருவருக்கும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை. மூன்றாவது ஆள் மெர்சி, மண்ணூர்க்காரி, அவர்கள் லைனுக்கு சூப்பர்வைசர். நான்காவது ஆள் சங்கரநாராயணன் சார். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தனியார் ஓடுதளத்தில் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பெனி ஆட்களுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுத்து வந்தார். ஓரகடத்தில் கம்பெனியின் புதுக் கட்டடம் திறக்கப்படும் நாளில் நால்வரும் வானத்தில் கைகோத்து இறங்க வேண்டும். 2013-ஆம் வருடத்துக்கு அது பெரிய செய்தி. சுகப்பிரியாவின் அண்ணன் சங்கரன்கோவிலிலிருந்து போன் போட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டபோது, “நீ மொதல்ல பனை ஏறிக் காட்டு, பெறவு பேசுவோம்” என்று வைத்துவிட்டவள் அவள்.

சார் முதல் வகுப்பிலேயே சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. “கூட்டமா விழும்போது பக்கத்துல இருக்கறவங்கள மட்டும் பார்த்தா போதாது. அடியில யாரு, முதுகுக்கு மேல யாருன்னு தெரிஞ்சுகிட்டே இருக்கணும். காத்து திடீர்னு செத்துப்போச்சுன்னா உனக்கு அடியில ஒரு ஆளு இருக்கான்னு அர்த்தம். தேடாத. பக்கவாட்டுல வழுக்கிப் போயிடு. அவன் பாராசூட்டைத் திறந்தா ரெண்டு பேரும் காலி.”

சாரின் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அலுவலக அறையில் மின்விசிறி கரகரக்க, நால்வரும் கணினி முன்னால் நின்று பார்த்தார்கள். திரையில் சுகப்பிரியா சட்டென்று தாழ்ந்தாள். அவளுக்குக் கீழே சுத்தமான வெளி.

“பாத்தியா? ஒண்ணும் இல்ல,” என்றான் வேல்ராஜ்.

“டிரெஸ்ஸப் பாரு,” என்றாள் மெர்சி.

மற்ற இருவரின் உடைகளும் காற்றில் வெறிபிடித்து அடித்துக்கொண்டிருந்தன. சுகப்பிரியாவின் உடை அசையவில்லை. கொடியில் காயப்போட்ட ஈரத்துணிபோல அவள் வயிற்றிலிருந்து அது கீழ்நோக்கித் தொங்கியது. யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒரு முனை கூர்ந்திருந்தது.

சார் கணினியை அணைத்தார். திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தயாராகப் போனாள். காற்று அறுந்ததும் பிடியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வழுக்கினாள். அந்த அமைதியும் அவளோடு வழுக்கியது. வலப்பக்கம் போனாள், வந்தது. இடப்பக்கம் திரும்பினாள், திரும்பியது. வெயில் முதுகில் சுட, வயிற்றுப் பக்கம் மட்டும் கிணற்றுத் தண்ணீரில் படுத்ததுபோலக் குளிர்ந்தது; சேற்று வாசனைக்குள் அழுகிய பாசியின் வாசனையும் சேர்ந்துகொண்டது. கைகளையும் கால்களையும் விரித்து உடம்பை இலேசாக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்போது உடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அவள் வயிற்றில் ஒட்டியது. எலும்புகள். வரிசையாக. அவை ஒரு முறை விரிந்தன. சுருங்கின. மறுபடி விரிந்தன.

மூச்சு விடுகிற விலா.

அவள் உயரம் பார்க்காமலே பாராசூட்டைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ இந்த ஷோவுக்கு வேண்டாம்மா. பயந்தவங்க மேல போகக் கூடாது.”

“பயமாத்தான் இருக்கு சார். இல்லன்னு சொல்லல. ஆனா நான் வருவேன்.”

“எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“நான் ஒதுங்கிட்டா அது அடுத்த ஆளுக்கு அடியில போவும். எனக்காவது அது எப்பிடி வரும்னு தெரியும். மத்த யாருக்குத் தெரியும், சொல்லுங்க.”

அது என்ன என்று சாரும் கேட்கவில்லை. “மெர்சிகிட்டயும் சொல்லி வை,” என்றார்.

மெர்சி சிரித்தாள். “இன்னாடி நீ, பேய் பிசாசுன்னுகினு. அதுக்குக் கூடவா பாராசூட் குடுத்து அனுப்புவாங்க?” ஆனால் வண்டியைக் கிளப்பும்போது சிலுவையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

திறப்பு விழா அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கீழே பந்தலும் கொடிகளும் கூட்டமும். நால்வரும் குதித்தார்கள், சேர்ந்தார்கள், வட்டம் கூடியது. சுகப்பிரியா தன் வயிற்றுக்கு அடியில் காற்றைக் கேட்டுக்கொண்டே விழுந்தாள். இரைந்தது. நன்றாக இரைந்தது. இடப்பக்கம் வேல்ராஜ் பல்லைக் காட்டிச் சிரித்தான். ஒரு கணம் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

வலது கையில் இருந்த மெர்சியின் மணிக்கட்டு தளர்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். மெர்சியின் உடை அடங்கியிருந்தது. காலர் அசையவில்லை. ஹெல்மெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடி அசையவில்லை. பிடி நழுவ, மெர்சி கல்லைப்போல வட்டத்தை விட்டுக் கீழே போனாள். கையையும் விரிக்கவில்லை, காலையும் உதறவில்லை.

சார் கையை வீசினார்: பிரிந்து போங்கள், விலகுங்கள். வேல்ராஜ் திரும்பி விலகினான். அதுதான் முறை. சுகப்பிரியா கைகளை உடம்போடு ஒட்டி, தலையைக் கீழே குத்தி, மெர்சியின் பின்னால் பாய்ந்தாள்.

ஏரி பெரிதாகியது. கூரைகள் பெரிதாகின. மெர்சியின் முதுகு நெருங்கியது. பாராசூட் பை. அதன் மேல் ஏதோ கறுப்பாக.

விரல்கள்.

மெர்சியின் இரண்டு விலாவையும் சுற்றிக் கீழேயிருந்து வந்து, பைக்கு மேலே கோத்திருந்த விரல்கள். நீளமானவை. நகத்தில் சேறு. அணைத்துக்கொண்டிருந்தது. மெர்சியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் மூடியிருந்தது. தூங்குகிற முகம்.

சுகப்பிரியா அந்த அமைதிக்குள் இறங்கினாள். சத்தம் நின்றது. தன் மூச்சே கேட்டது. இன்னொரு மூச்சும்.

“விடுல அவள,” என்றாள்.

கோத்திருந்த விரலில் ஒன்றைப் பிடித்துப் பின்னால் வளைத்தாள். ஈர மரக்கிளைபோல வளைந்தது, ஒடியவில்லை. அடுத்ததை வளைத்தாள். “விடுங்கேன். விடுல.” மூன்றாவது தானாகப் பிரிந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக. மெர்சியின் பையின் ஓரத்திலிருந்த கைப்பிடியைப் பிடுங்கி வீசிவிட்டு, காலால் அவளை உதைத்துத் தள்ளிப் பக்கவாட்டில் விலகினாள். துணி சீறிக்கொண்டு எழுந்தது. மெர்சி மேலே பறிக்கப்பட்டாள்.

தரை மிகப் பக்கத்தில் இருந்தது. சுகப்பிரியா தன் கைப்பிடியை இழுத்தாள்.

பாராசூட் விரிந்து ஒரு வெட்டு வெட்டித் தூக்கியது.

அதன் பின் இன்னொரு வெட்டு. சின்னது. கீழேயிருந்து.

மேலே மெர்சியின் பாராசூட் முழுசாக விரிந்திருந்தது. மெர்சி தலையை ஆட்டி, விழித்துக்கொண்டு, கயிறுகளைத் தேடிப் பிடிப்பது தெரிந்தது. அப்பால் சார். அப்பால் வேல்ராஜ். எல்லோரும் இருந்தார்கள். கீழே கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல நின்றது.

காதிலிருந்த ரேடியோ கரகரத்தது. தரையில் நின்று வழிகாட்டும் தசரதனின் குரல். “சுகா... உன் கால்ல தொங்கிகினு கீறது யாரு?”

அவள் கீழே பார்க்கவில்லை. இரண்டு கணுக்காலிலும் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு நேராகத்தான் காற்று அவளைக் கொண்டுபோனது. வெள்ளைச் சட்டைகளும், யாரோ தூக்கி வைத்திருந்த குழந்தையும் தெரிந்தன. இடது கயிற்றை மார்பு வரை இழுத்துப் பிடித்தாள். பாராசூட் சாய்ந்து, கூட்டத்தை விட்டு விலகி, சுற்றுச்சுவரைத் தாண்டி, வேலிக்காத்தான் மண்டிய தரிசை நோக்கித் திரும்பியது. கணுக்காலில் இருந்த பிடி முழங்காலுக்கு வந்தது.

“வா,” என்றாள், முன்னால் பார்த்தபடியே. “எறங்கு. ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்.”

சாய்ந்த வெயிலில் பாராசூட்டின் நிழல் அவளுக்கு முன்னால் செம்மண்ணில் ஓடிற்று. அதற்குக் கீழே அவள் நிழல். அவள் நிழலின் காலைப் பிடித்தபடி இன்னொன்று, அவளைவிட இரண்டு மடங்கு நீளமாக. அவள் கால் தரையைத் தொட இன்னும் ஒரு பனை உயரம் இருந்தது. அந்த நிழலின் கால்கள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தன.