ஏப்பம் விட்ட கழிப்பறை

காலை 7:10. கழிப்பறை மறுபடியும் "குபுக்" என்று ஏப்பம் விட்டது. வீடு முழுக்க நாற்றம்.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "முன்னெல்லாம் மாடியில துணி காயப்போடப் போனாத்தான் லேசா வாடை வரும். இவ வந்து இருபது நாள், கூடத்துலயே உட்கார முடியல. எதையோ உள்ள போட்டு அடைச்சிருக்கா."

"நான் எதையும் போடல அத்தை."

"கழிவுநீர் லாரிக்குச் சொல்லியாச்சு. உன் சாமான் ஏதாவது வெளிய வந்துச்சு, இன்னிக்கே ரெண்டு பேரும் தனி வீடு பார்த்துக்குங்க."

மருமகளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பால் பரிசோதனைக்கூடத்தில் முகர்ந்தே கெட்ட பாலைப் பிரிப்பவள் அவள். அழவில்லை; யோசித்தாள்.

8:30. கழிவுநீர் லாரி வந்தது. அதன் குழாயில் ஒரு கசிவு. எலெக்ட்ரீஷியனான கணவன் ஓடிப்போய்க் கறுப்பு டேப்பைச் சுற்றினான். நுனியை மட்டும் ஒட்டாமல் மடித்துவிட்டான்.

"இது எதுக்கு தம்பி?" என்றார் டிரைவர்.

"பிரிக்கறப்ப நகத்தால தேட வேண்டாம்ல."

8:40. தொட்டியின் மூடி திறந்தது. "தள்ளி நில்லுங்க, விஷக்காத்து" என்ற டிரைவர், நீளக் கம்பை இறக்கி எடுத்துப் பார்த்தார். "அடைப்பே இல்லையே."

"விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு கெடக்கு!" என்றாள் மாமியார்.

"செப்டிக் டேங்க் எப்பவும் நிறைஞ்சுதாம்மா இருக்கும். உள்ள வர்ற அளவு தண்ணி வெளிய போயிடும். அடியில தங்குற சகதியைத்தான் பார்க்கணும். அது ஒரு சாண்தான் இருக்கு. உறிஞ்ச இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்போ நாத்தம்?"

டிரைவர் கம்பைத் துடைத்து வைத்தார். மருமகள் கேட்டாள்: "உள்ள உண்டாகுற காத்து எப்படிண்ணே வெளிய போகும்?"

"மாடிக்கு ஒரு குழாய் ஏறுதே, அது வழியா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தை, மாடியில வாடை வரும்னீங்க. தினமும் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் அங்கதான் உட்கார்ந்து பேசுறோம். எனக்கு ஒரு நாளும் வரலையே!"

"வராட்டி நல்லதுதானே?" என்றான் கணவன், கொஞ்சம் அவசரமாக.

8:55. மாடி. குழாயின் வாயில் தடித்த பிளாஸ்டிக் உறை. அதைச் சுற்றிக் கறுப்பு டேப். மருமகள் அதன் நுனியைத் தொட்டுக் காட்டினாள். அது ஒட்டாமல் மடிக்கப்பட்டிருந்தது.

"குற்றவாளி உங்க பிள்ளைதான் அத்தை. மேல வழியை அடைச்சதும் காத்து தண்ணியைத் தள்ளிக்கிட்டுக் கழிப்பறை வழியா வந்துடுச்சு. அதான் அந்தக் குபுக்."

கணவனின் காது சிவந்தது. "மாடியில உட்கார்ந்து பேசணும்னு ஆசைப்பட்டியேன்னு... கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டினேன்."

"அடப்பாவி! பொண்டாட்டி மூக்கைக் காப்பாத்தப் போயி என் மூக்கை அறுத்துட்டியேடா!"

டிரைவர் குலுங்கிச் சிரித்தார். "குழாயைத் தலைக்கு மேல நல்லா உயர்த்திட்டு, வாயில கொசுவலை கட்டுங்க தம்பி. காத்தும் போகும், காதலும் நடக்கும்."

மருமகள் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். டேப் சரசரவென்று பிரிந்தது. இருபது நாள் பழி அதோடு போனது.

"தனி வீடு எப்போ பார்க்கலாம் அத்தை?"

மாமியார் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்கயும் போக வேண்டாம்டி. வேணும்னா இவனை அந்த லாரியில ஏத்தி அனுப்பு!"

9:10. மாமியாரே போய்க் கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் சமர்த்தாக இறங்கியது. ஏப்பம் இல்லை.